சொல்லிவிட்டு எடுக்கும் பணம்

பிரிட்டனுக்குப் படிக்கவோ பணியாற்றவோ செல்லும் நம் பிள்ளைகள் முதல் மாதத்தில் வீட்டுக்குச் சொல்லும் செய்திகளுள் ஒன்று, 'இங்கே மின் கட்டணத்தை நாம் போய்ச் செலுத்த வேண்டாம். அவர்களே வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்' என்பதாகும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பாளர் வந்து, அளவைக் குறித்து, தொகை இன்னதென்று தெரிந்த பின்னர் செலுத்திப் பழகியவர்கள் நாம். அடுத்தவர் நம் கணக்கில் கைவைக்க அனுமதிப்பது பெற்றோருக்குக் கலக்கத்தைத் தருவது இயல்பே. என் பழைய மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் இதுபற்றி என்னிடம் பலமுறை கேட்டதுண்டு. அந்த ஏற்பாட்டின் உள்கட்டமைப்பையும், அதில் நுகர்வோருக்கு உள்ள உரிமைகளையும் விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

'டைரக்ட் டெபிட்' எனப்படும் நேரடிப் பற்று முறை மின்சாரத்துக்காகப் பிறந்ததன்று. 1964-இல் யூனிலீவர் நிறுவனம், தன் 'வால்ஸ்' ஐஸ்கிரீமை விற்ற சிறு வணிகர்களிடமிருந்து பணம் வசூலிக்கக் கண்டுபிடித்த வழி அது. ஒவ்வொரு கடையிலும் காசோலைக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக, வணிகரின் முன் அனுமதியுடன் அவரது கணக்கிலிருந்து நிறுவனமே தொகையைக் கோரிப் பெற்றது. 1968-இல் வங்கிகள் ஒன்றுசேர்ந்து, பின்னாளில் 'பேக்ஸ்' என்று பெயர்பெற்ற கணினித் தீர்வகத்தைத் தொடங்கின. ஐஸ்கிரீம் வணிகர்களுக்காகத் தோன்றிய வழக்கம், அதன் வாயிலாக நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது.

இந்த முறையின் உயிர்நாடி, பணத்தைத் தள்ளுவது யார், இழுப்பது யார் என்ற வேறுபாட்டில் இருக்கிறது. 'ஸ்டாண்டிங் ஆர்டர்' என்ற நிலையாணையில் கணக்கு வைத்திருப்பவரே குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தொகையை அனுப்பும்படி வங்கிக்குக் கட்டளையிடுகிறார். வீட்டு வாடகைக்கு இது பொருத்தமானது. தொகையை மாற்ற அவரால் மட்டுமே முடியும். நேரடிப் பற்றில் பணத்தை இழுப்பது நிறுவனம். தொகை மாதத்துக்கு மாதம் மாறலாம், நாளும் மாறலாம். மூன்றாவதாக, பற்று அட்டையின் எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொள்ள அனுமதிப்பது. திரைப்படத் தளங்கள் பெரும்பாலும் இதையே கேட்கும். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல் தோன்றினாலும், நான் கீழே விவரிக்கும் பாதுகாப்பு நேரடிப் பற்றுக்கு மட்டுமே உரியது. எனவே, 'எந்த எண்ணைக் கேட்கிறார்கள்' என்று பாருங்கள் என்பதே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது. பதினாறு இலக்க அட்டை எண்ணைக் கேட்டால் அது நேரடிப் பற்றன்று.

ஏற்பாடு செய்வது எளிது. ஆறு இலக்க வங்கிக் கிளைக் குறியீடு, எட்டு இலக்கக் கணக்கு எண், கணக்கிலுள்ள பெயர் ஆகிய மூன்றும் போதும். இணையத்திலோ தொலைபேசியிலோ சொல்லிவிடலாம். கையொப்பமிட்ட தாள் இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தமது கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தாம் ஒருவரே அனுமதிக்கத் தக்கவர் என்று மட்டும் உறுதி கூற வேண்டும். ஒரு வசூல் நிறைவேற மூன்று வேலை நாள்கள் ஆகும்: முதல் நாள் நிறுவனம் கோரிக்கையை அனுப்பும், இரண்டாம் நாள் பேக்ஸ் அதைப் பிரித்து வங்கிகளுக்குச் சேர்க்கும், மூன்றாம் நாள் பணம் மாறும். ஊதியம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள்கள் கழித்து வசூல் நாளை வைத்துக்கொள்ளும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மூன்றே விவரங்களில் ஒருவரின் கணக்கைத் திறந்துவிடலாம் என்றால் ஏமாற்று வேலை பெருகாதா? இங்கேதான் 'நேரடிப் பற்று உத்தரவாதம்' வருகிறது. இம்முறையில் பங்கேற்கும் வங்கிகள் அனைத்தும் இதை ஏற்றாக வேண்டும். தொகையோ நாளோ கால இடைவெளியோ மாறினால், நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வழக்கமாக அது பத்து வேலை நாள்கள். நிறுவனமோ வங்கியோ தவறு செய்தால், வாடிக்கையாளரின் வங்கியே முழுத் தொகையையும் உடனடியாகத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கும்படி வங்கி சொல்லக் கூடாது. மேலும், எந்த நேரத்திலும் வங்கியிடம் கூறி அனுமதியை நீக்கிக்கொள்ளலாம். நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை.

என் மாணவி ஒருவர் வடக்கு இங்கிலாந்தில் குடியிருந்தபோது, மாதம் 90 பவுண்டு எடுத்துவந்த எரிசக்தி நிறுவனம், எந்த அறிவிப்பும் இன்றி ஒரு மாதம் 240 பவுண்டு எடுத்துவிட்டது. நிறுவனத்தின் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் இசை கேட்டபின் அவர் எனக்கு எழுதினார். வங்கியை அழைத்து, உத்தரவாதத்தின்படி திருப்பித் தருமாறு கேளுங்கள் என்றேன். அன்று மாலையே பணம் கணக்கில் இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் உண்மையில் பயன்படுத்திய எரிவாயுவுக்கான பாக்கி அப்படியே நின்றது. அடுத்த மாதம் முறையான அறிவிப்புடன் நிறுவனம் அதைத் தவணைகளாக வசூலித்தது. உத்தரவாதம் காப்பது பணம் எடுக்கப்பட்ட முறையைத்தான். கடன் உண்டா இல்லையா என்ற வழக்கை அது தீர்ப்பதில்லை. இந்த நுட்பத்தை உணராமல் பணம் திரும்பி வந்த மகிழ்ச்சியில் செலவழித்துவிடுவோர் உண்டு.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி தேர்ந்தெடுத்த வழி வேறு. 2021 அக்டோபர் முதல், அட்டைகளின் வழியே தொடர்ந்து எடுக்கப்படும் பணத்துக்குத் தொடக்கத்தில் கூடுதல் சரிபார்ப்பும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் கட்டாயமாயின. 2022-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பொது வரம்புக்கு மேல் சென்றால் மீண்டும் ஒப்புதல் வேண்டும். நாம் வாசலில் காவல் வைக்கிறோம். பிரிட்டன் வாசலைத் திறந்துவைத்து, தவறு நேர்ந்தால் வங்கியை ஈடுசெய்ய வைக்கிறது. இரண்டாவது வழியில் இழப்பின் சுமை முதலில் வங்கியின் மீதும் பிறகு வசூலித்த நிறுவனத்தின் மீதும் விழுவதால், வசூலிக்கத் தகுதியானவர் யார் என்று ஆராயும் அக்கறை அவர்களுக்கே வந்துவிடுகிறது. வங்கியோ வேறோர் அமைப்போ முன்னின்று பொறுப்பேற்காமல் எந்த நிறுவனமும் இம்முறைக்குள் நுழைய முடியாது. பொருளியல் நோக்கில் இதுவே அந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

இனி எரிசக்திக் கட்டணம். பெரும்பாலான நிறுவனங்கள் ஓர் ஆண்டின் பயன்பாட்டை மதிப்பிட்டு, பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் ஒரே தொகையை எடுக்கும். அந்நாட்டில் வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் எரிவாயு. ஜனவரிக்கும் ஜூலைக்கும் பயன்பாட்டில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். கோடையில் கூடுதலாகச் செலுத்தியது இருப்பாகச் சேர்ந்து, குளிர்காலத்தில் கரைய வேண்டும் என்பது கணக்கு. ஏப்ரலில் குடியேறுபவருக்கு இது நன்றாகவே வேலை செய்யும். நம் மாணவர்களோ செப்டம்பரில் போய் இறங்குபவர்கள். இருப்பு ஏதும் சேராத நிலையிலேயே குளிர் வந்துவிடும். ஜனவரியில் கணக்கு பற்றாக்குறையில் நிற்கும். நிறுவனம் மாதத் தொகையை உயர்த்தும். அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை, அடுத்த கோடையில் அது நேராகும். ஓராண்டே தங்கப்போகிறவர்கள், பயன்படுத்திய அளவுக்கே செலுத்தும் மாறுபடும் நேரடிப் பற்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

எதுவாயினும் மதிப்பீடு சரியாக அமைய மீட்டர் அளவு சரியாக வேண்டும். வீட்டில் நுழைந்த நாளிலேயே மின், எரிவாயு மீட்டர்களைத் தேதியுடன் படமெடுத்து அனுப்பிவிட வேண்டும். இல்லையெனில் முன்னர் குடியிருந்தவரின் பழக்கமே நம் கட்டணமாகிவிடும். நிறுவனத்தின் தவறால் பட்டியலிடாமல் விட்ட பயன்பாட்டுக்கு, 12 மாதங்களுக்கு முற்பட்ட பாக்கியைக் கேட்கக் கூடாது என்று 2018-இல் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் விதித்தது. கணக்கில் சேர்ந்த இருப்பை வாடிக்கையாளர் கேட்டால், மறுக்கத் தக்க காரணம் இல்லாதவரை நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும்.

இந்த இருப்பைப் பற்றி ஒரு சொல். கோடி வீடுகள் கோடையில் முன்பணமாகச் செலுத்தியதை நிறுவனங்கள் வட்டியில்லாக் கடனாக வைத்திருக்கின்றன. 2021-இல் எரிவாயுவின் மொத்த விலை விண்ணைத் தொட்டபோது, அந்த முன்பணத்தையே மூலதனமாக நம்பி நடந்துவந்த சிறு நிறுவனங்கள் சரிந்தன. அவ்வாண்டின் இறுதிக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவை வீழ்ந்தன. வாடிக்கையாளரின் இருப்பு காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் அதற்கான செலவு நாட்டின் மற்ற எல்லா வீடுகளின் கட்டணத்திலும் ஏற்றப்பட்டது. லாபம் தனியாருக்கு, நட்டம் ஊருக்கு என்ற பழைய கதைதான். மறு ஆண்டு, விலை மேலும் உயர்ந்தபோது, பத்து லட்சம் பேர் உறுதியளித்தால் அக்டோபர் முதல் நாளில் அனைவரும் நேரடிப் பற்றை நீக்கிவிடுவோம் என்று ஓர் இயக்கம் புறப்பட்டது. அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. ஆயினும் வாடிக்கையாளர் கையிலுள்ள ஆயுதம் எது என்பதை அது நாட்டுக்கு நினைவூட்டியது.

விலையிலும் ஒரு பாகுபாடு உண்டு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆஃப்ஜெமின் விலை உச்சவரம்பின்படி, வழக்கமான அளவு பயன்படுத்தும் ஒரு வீட்டுக்கு நேரடிப் பற்றில் ஆண்டுக்கு 1,717 பவுண்டு. பட்டியல் வந்த பின் தாமே செலுத்துவோருக்கு அதைவிட நூறு பவுண்டுக்கு மேல் கூடுதல். வசூலிக்கும் செலவும் வாராக் கடனும் குறைவதால் தள்ளுபடி தருகிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாத வருமானம் நிலையாக இல்லாதவர், கணக்கில் எந்நாளும் பணம் வைத்திருக்க இயலாதவர், வங்கிக் கணக்கே இல்லாதவர் ஆகியோரே பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகையைச் செலுத்துகின்றனர். ஏழைகளே அதிக விலை தருகிறார்கள் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் கேப்லோவிட்ஸ் 1963-இலேயே நூலாக எழுதினார். முன்பணம் போட்டு இயக்கும் மீட்டர் வைத்திருப்போருக்கு இருந்த கூடுதல் நிலைக்கட்டணத்தை 2024-இல் ஆஃப்ஜெம் சமன்செய்தது. இப்போது அவர்களுக்கான வரம்பு நேரடிப் பற்றைவிடச் சற்றே குறைவு. பட்டியல் பார்த்துச் செலுத்துவோருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. தண்ணீருக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. 1989-இல் தனியார்மயமான பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம். ஆனால் கட்டணம் பாக்கி என்பதற்காக வீட்டின் குடிநீரைத் துண்டிப்பதை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. உள்ளாட்சி வரி வழக்கமாகப் பத்துத் தவணைகள், ஏப்ரல் முதல் ஜனவரி வரை. கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள். வீட்டில் உள்ள அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கிடையாது. பல்கலைக்கழகச் சான்றிதழைக் காட்டாமல் நேரடிப் பற்றுக்குச் சம்மதித்துவிட்டு, பின்னர் திரும்பக் கேட்டு அலையும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவின் யூரோ நாடுகளில் 2014 முதல் 'செபா' என்ற பொது முறை நடைமுறையில் உள்ளது. அதில் எட்டு வாரங்களுக்குள் எந்தக் காரணமும் கூறாமலே பணத்தைத் திரும்பப் பெறலாம். அனுமதியே தராத வசூல் என்றால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. ஒரு நாட்டின் வங்கிக் கணக்கை மற்றொரு நாட்டின் மின் நிறுவனம் ஏற்க மறுப்பதும் அங்கே சட்டவிரோதம். ஜெர்மனிக்குச் செல்லும் நம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் புதிதாக இறங்குவோரை வாட்டுவது இன்னொரு சிக்கல். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றாக மின் கட்டணப் பட்டியலைக் கேட்பார்கள். மின் இணைப்பைத் தம் பெயரில் பெற்று நேரடிப் பற்று ஏற்பாடு செய்யவோ வங்கிக் கணக்கு வேண்டும். பல்கலைக்கழகம் தரும் கடிதமே மாணவர்களுக்கு இந்த வட்டத்தை உடைக்கும் எளிய வழி. கைப்பேசி வழியே இயங்கும் புதிய வங்கிகள் சில, சான்றில் கண்டிப்புக் குறைவானவை. பின்னர் வேறு வங்கிக்கு மாற விரும்பினால், 2013-இல் தொடங்கிய கணக்கு மாற்றுச் சேவை ஏழு வேலை நாள்களில் எல்லா நேரடிப் பற்றுகளையும் புதிய கணக்குக்கு நகர்த்திவிடும்.

ஊர் திரும்பும்போது பலரும் அவசரத்தில் முதலில் செய்வது நேரடிப் பற்றை நீக்கிக் கணக்கை மூடுவது. வரிசை அதுவன்று. வெளியேறும் நாளில் மீட்டரைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். இறுதிப் பட்டியலை ஆறு வாரங்களுக்குள் தர முயல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. அது வந்து, பாக்கி தீர்ந்து அல்லது இருப்பு கணக்குக்குத் திரும்பிய பிறகே அனுமதியை நீக்க வேண்டும். கணக்கை மூடுவது அதற்கும் பிறகுதான். முன்னதாகவே மூடிவிட்டால், திரும்ப வர வேண்டிய பணம் பழைய முகவரிக்குக் காசோலையாகப் போய்ச் சேரக்கூடும். பவுண்டுக் காசோலையைச் சென்னையில் பணமாக்குவது எவ்வளவு காலம் பிடிக்கும், அதில் எவ்வளவு கட்டணமாகப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.