மலைநாட்டு றகர்க் கழகங்களின் எழுச்சியும் தாழ்ச்சியும்

இலங்கையின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கிரிக்கெட்டைப் பற்றியே எழுதுவர். வன்னியில் வாழும் நமக்கு உதைபந்தும் கரப்பந்தும் கிளித்தட்டும் பழக்கமான அளவுக்கு றக்பி, அதாவது பேச்சு வழக்கில் றகர் எனப்படும் விளையாட்டு, பழக்கமானதன்று. எனினும் திம்புள்ளை, டிக்கோயா, ஊவா முதலிய மலைப்பகுதிகளில் பல்லாண்டு காலம் கழகங்களுக்கிடையே ஆடப்பட்டுவந்த இவ்விளையாட்டின் கதை நமக்கு அந்நியமான கதையாகாது. அக்கழகங்களின் மைதானங்களைச் சூழ்ந்திருந்த தேயிலை மலைகளிலே கொழுந்து பறித்தோர் தமிழர். அவர்தம் வழிவந்த குடும்பங்கள் பல இன்று வன்னி மண்ணில் நம் அயலவராய் வாழ்கின்றன. ஆதலின் இக்கதையை நம் வாலிபர் அறிந்திருத்தல் தகும்.

முதலில் விளையாட்டைச் சிறிது விளக்குவாம். கோஷ்டி ஒன்றுக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவானது. அதனைக் கையிலேந்தி ஓடலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் தோழனுக்குக் கையால் எறியும்போது பின்புறமாகவோ பக்கவாட்டிலோதான் எறிதல் வேண்டும். முன்னேற விரும்புவோன் பின்னால் வருவோனை நம்பியே பந்தைக் கொடுக்கவேண்டியவனாகிறான். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றினால் அது ‘ட்றை’ எனப்படும்.

இங்கிலாந்திலுள்ள றக்பிப் பாடசாலையிலே வளர்ந்த இவ்விளையாட்டுக்கு 1845 ஆம் ஆண்டில் எழுத்து வடிவில் விதிகள் வகுக்கப்பட்டன. 1871 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றக்பி யூனியன் தோன்றியது. ஆங்கிலேயன் எங்கெங்கு சென்றானோ அங்கெல்லாம் இவ்விளையாட்டும் சென்றது. கல்கத்தாவில் 1873 ஆம் ஆண்டில் அமைந்த கழகமொன்று சில ஆண்டுகளிற் கலைய நேர்ந்தபோது, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கிண்ணமொன்று செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் 1879 ஆம் ஆண்டு தொடக்கம் பொருதுவது அந்த இந்திய வெள்ளியிலான கிண்ணத்துக்காகவே என்பது பலர் அறியாத செய்தி.

அதே 1879 ஆம் ஆண்டிலேதான் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் நிறுவப்பட்டு, இலங்கையில் முதல் றகர் ஆட்டமும் நிகழ்ந்தது. அக்காலத்தில் கோப்பிப் பயிரை நோய் அழித்துக்கொண்டிருந்தது. மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. 1885 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தேயிலைத் தோட்டங்கள் பெருகவே, அவற்றை நடத்த வந்த வெள்ளைக்காரத் துரைமாரின் தொகையும் பெருகிற்று. சின்னத்துரையாக வந்திறங்கியோர் பலர் பாடசாலையிலே றகர் ஆடிப் பழகிய இளைஞர்கள். திம்புள்ளைக் கழகத்தார்க்கு ரதெல்லையிலும், டிக்கோயாவார்க்குத் தரவளையிலும், ஊவாவார்க்குப் பதுளையிலும், களனிப் பள்ளத்தாக்கினர்க்கு அவிசாவளைப் பக்கத்திலும் ஆட்டக்களங்கள் அமைந்தன. 1908 ஆம் ஆண்டில் இலங்கை றக்பி யூனியன் உருவாகியது. மலைநாட்டாரும் கீழ்நாட்டாரும் எதிரெதிர் நின்று ஆடுவது வழக்கமாயிற்று.

இக்கழகங்களிலே ஆடியோர் எவரும் அதற்காகப் பணம் பெற்றாரல்லர். இதனையே அவர்கள் தமது பெருமையாகக் கொண்டனர். இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கூலி பெறாது ஆடுதல் உயர்ந்த கொள்கையென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறு ஆடுதற்கு யாரால் இயலும்?

இக்கேள்வி இங்கிலாந்திலேயே எழுந்தது. அந்நாட்டின் வடபகுதியில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் றகரைப் பெரிதும் விரும்பி ஆடினர். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையைவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இழந்த அக்கூலியையாவது ஈடுசெய்தல் வேண்டுமென வடபகுதிக் கழகங்கள் கேட்டன. யூனியனை நடத்தியோர் மறுத்தனர். 1895 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அக்கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிலே கூடிப் பிரிந்து சென்று வேறொரு சங்கம் அமைத்தன. அன்றிலிருந்து றகர் இரண்டாயிற்று.

இப்பிளவின் அலை இலங்கைக் கரையையும் தொட்டது. 1907 ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற கோஷ்டியொன்று கொழும்பில் இறங்கி இலங்கைக் கோஷ்டியோடு ஆடி 33க்கு 6 என்ற கணக்கில் வென்றது. அவர்கள் பணம் பெற்று ஆடப் புறப்பட்டவர்கள். அதனாலேயே பத்திரிகைகள் அவர்களைப் ‘பொன்னர்’ என்னும் பொருள்பட எள்ளி நகையாடின. அக்கோஷ்டியைத் திரட்டிய பாஸ்கர்வில் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த ஓர் இளைஞர். கூலி பெறாமையைப் பெருமையாகக் கொண்ட இலங்கைத் துரைமாரின் நாட்டுக் கோஷ்டிக்கு முதன்முதல் எதிர்நின்றவர்கள் இத்தகையோரே.

துரைமாரின் மைதானத்துக்கு அப்பால் நிலை யாது? விடியற்காலையில் தப்பொலி கேட்டதும் தொழிலாளி பெரட்டுக் களத்தில் நிற்றல் வேண்டும். செக்றோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. மாலையில் கொழுந்து நிறுத்து லயத்துக்குத் திரும்புவோர்க்கு விளையாட ஓய்வுமில்லை, வெளியுமில்லை. துரைக்கு ஓய்வைத் தந்தது இவர்களின் உழைப்பு. இதனைத் துரைமார்மீது பழி சுமத்துவதற்காகக் கூறவில்லை. அவர்களுள்ளும் நேர்மையான ஆட்டக்காரர் பலரிருந்தனர். ஓய்வும் நிலமும் ஒரு சாராரிடமே இருந்தவிடத்தில் ‘கூலி பெறாத ஆட்டம்’ என்பது அச்சாராருக்கே உரிய ஆட்டமாக முடியும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வேலியைத் தாண்டி றகரை இந்நாட்டு மக்களிடம் கொண்டுவந்தவை பாடசாலைகள். 1891 ஆம் ஆண்டில் கண்டியிலே தாம் தொடங்கிய பாடசாலையில் மாணவரை றகர் ஆடச் செய்தவர் எல். ஈ. பிளேஸ் என்னும் பறங்கியப் பெரியார். அப்பாடசாலையே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரியாயிற்று. 1906 ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட்டும் திறினிற்றிக் கல்லூரியும் போகம்பறையிலே பொருதின. பாடசாலைகளுக்கிடையிலான அந்த முதலாட்டம் 6க்கு 6 எனச் சமநிலையில் முடிந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் திறினிற்றியும் 1920 ஆம் ஆண்டில் மோதின; 1945 ஆம் ஆண்டு முதல் அவ்விரண்டும் பிறட்பிக் கேடயத்துக்காக ஆடிவருகின்றன. பாடசாலையிற் பழகியோர் வளர்ந்தபின் ஆடக் கழகம் வேண்டுமல்லவா? வெள்ளையர் கழகங்களின் கதவு திறவாமையால் 1922 ஆம் ஆண்டில் இலங்கையர் தமக்கெனக் கழகமொன்றைக் கொழும்பில் நிறுவினர்.

ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்டின் குடும்பப் பெயர் தாங்கிய கிண்ணம் 1950 ஆம் ஆண்டு முதல் கழகங்களுக்கிடையிலான போட்டியின் பரிசாயிற்று. மலைக் கழகங்களும் கொழும்புக் கழகங்களும் அதற்காகப் போட்டியிட்டன. அவ்வாண்டிலேயே நாடு திரும்பும் வழியில் வந்த பிரித்தானிய ‘சிங்கங்கள்’ கோஷ்டி கொழும்புக் குதிரைப்பந்தய மைதானத்தில் இலங்கையை 44க்கு 6 என வென்றது. அன்று இலங்கைக்காக ஆடியவருள் புகழ்பெற்ற ஓட்டவீரர் சம்மா நவரத்தினம் ஒருவர். தமிழருக்கு இவ்விளையாட்டு ஒவ்வாது என்பார்க்கு அவர் பெயர் ஒன்றே போதிய விடையாகும்.

ஆனால் கிண்ணத்துக்குரிய அந்தப் போட்டி தொடங்குமுன்னரே, 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராக்கப்பட்டனர். 1949 ஆம் ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொழும்புக்கும் தில்லிக்குமிடையே செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மைதானத்தில் எல்லைக்கோடு எங்கே என்று மத்தியஸ்தர் சொல்வார். தாம் பிறந்த மண்ணில் தமக்குரிய எல்லை எதுவென இம்மக்களிடம் எவரும் கேட்டாரில்லை.

பின்னர் மலைக் கழகங்களும் தளர்ந்தன. சுதந்திரத்தின்பின் வெள்ளைத் துரைமார் சிறிது சிறிதாக வெளியேறினர். அவரிடத்துக்கு வந்த இலங்கைத் துரைமார் சிலகாலம் ஆட்டத்தைத் தொடர்ந்தனர். 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் பழைய தோட்ட வாழ்வின் அமைப்பையே மாற்றின. ஒருகாலத்தில் கொழும்பை நடுங்கவைத்த மலைக் கழகங்கள் முதல்வரிசையில் தம் இடத்தை இழந்தன. தோட்டங்கள் கைமாறிய அக்காலத்திலும் 1977 ஆம் ஆண்டு வன்செயலின்போதும் மலைகளைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கியோரை நாம் அறிவோம்.

மலைநாட்டிலே வீழாது நின்றது கண்டிக் கழகமே. 1990களிலிருந்து அது நாட்டின் தலைசிறந்த கோஷ்டிகளுள் ஒன்றாகப் பன்முறை வாகை சூடியது. காரணம் வெளிப்படை. திம்புள்ளையும் டிக்கோயாவும் தோட்டத்துரைமாரை நம்பியிருந்தன. அவர் போகவே ஆட்டமும் போயிற்று. கண்டிக்கோ ஆண்டுதோறும் இளைஞரைப் பயிற்றிக் கொடுக்கப் பாடசாலைகள் இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஓகஸ்டில், வடபகுதியார் பிரிந்து சரியாக நூறாண்டு கழித்து, சர்வதேச றக்பிச் சபை பணம் பெற்று ஆடுவதற்கும் அனுமதி வழங்கியது. அன்று சுரங்கத் தொழிலாளி கேட்டது நியாயமே என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நூறாண்டு சென்றது.

வாலிப நண்பர்காள்! 1897 ஆம் ஆண்டு சனவரியில் அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இவ்வன்னிப் பெருநிலத்தின் ஊடாகச் சுவாமி விவேகானந்தர் பிரயாணஞ் செய்தார். இளைஞர்க்கு முதலில் வேண்டியது உடல்வலி என்று வற்புறுத்தியவர் அவர். உடல்வலிக்கு வேண்டுவன ஓய்வும் நிலமும் பயிற்றுவோரும் என்பதை மலைநாட்டு வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. நம் சங்கம் ஒரு மைதானத்தைத் திருத்துமாயின் அதிலே முதலில் இறங்கவேண்டியவன் கூலிவேலைக்குச் செல்லும் பையன். அறுவடைக் காலத்தில் அவனால் மாலையில் வரவியலாதெனின் ஆட்ட நேரத்தை நாம் மாற்றுவோம். காலணி இல்லையெனின் காலணியின்றி ஆடக்கூடிய விளையாட்டைத் தெரிவோம். மலையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் இவ்வூரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோஷ்டியில் நின்று, பின்னால் வருவோனை நம்பிப் பந்தைக் கொடுக்கப் பழகுவாராயின், ரதெல்லையிலும் தரவளையிலும் வேலிக்கு வெளியே நின்றோரின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவாகும்.