கண்டியில் தமிழ்க் கல்வி நூல் பதிப்பும் விற்பனையும்

கல்வி நூல் சந்தைப்படுத்தல் என்பது வழிகாட்டி நூல்களையும் வினாத்தாள் தொகுப்புகளையும் துணைநூல்களையும் பாடசாலை, பெற்றோர், புத்தகக்கடை ஆகிய மூன்று இடங்களுக்கும் கொண்டுசேர்க்கும் தொழில். கொழும்பின் பெரிய பதிப்பகங்களில் இதற்குத் தனிப் பிரிவும் விற்பனைப் பிரதிநிதிகளும் உண்டு. கண்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் பொறுத்தவரை, தமிழ் நூல்களுக்கான இந்த வேலையைப் பெரும்பாலும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களுமே தம் தோளில் சுமந்து செய்திருக்கிறார்கள்.

கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நிறுவியதோடு அவற்றுக்கான நூல்களையும் தாமே எழுதினார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபின் உயர்கல்வி நூல்களுக்கும் வாசகர் கூடினர். கண்டிக்கு அருகே கல்ஹின்னையைச் சேர்ந்த எஸ். எம். ஹனிபா தமிழ் மன்றம் என்ற பதிப்பகத்தை நடத்தினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சு. வித்தியானந்தனின் ‘இலக்கியத் தென்றல்’, ‘தமிழர் சால்பு’ ஆகிய நூல்கள் 1950களில் தமிழ் மன்ற வெளியீடுகளாகவே வந்தன. பல்கலைக்கழக மாணவர் தலைமுறை தலைமுறையாகப் படித்த நூல்கள் ஒரு கிராமத்தவரின் முயற்சியால் அச்சேறின என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

இலங்கையில் 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்குகிறது. பாடத்திட்டத்தைத் தேசிய கல்வி நிறுவகம் வகுக்க, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் நூல்களை வெளியிடுகிறது. ஆகவே தனியார் பதிப்பகத்துக்கு எஞ்சும் களம் பரீட்சைதான். அதிலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கே கூடுதல் கேள்வி. இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். உயர்ந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்குப் பெயர்பெற்ற பாடசாலையில் தரம் 6இல் இடம் கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு உதவுதொகையும் உண்டு. தோட்டத்து லயத்தில் வாழும் பெற்றோர் வேறு செலவைச் சுருக்கி வினாத்தாள் தொகுப்பு வாங்குவதன் காரணம் இதுவே. அந்தப் பணத்துக்குத் தகுதியான நூலைக் கொடுப்பது இத்தொழிலின் முதற்கடமை. பிழையான விடையுடன் வரும் வழிகாட்டி, பிள்ளையின் ஓராண்டு உழைப்பையே கெடுத்துவிடும்.

கண்டி மாவட்டம் உடத்தலவின்னை மடிகேயில் இயங்கிய சிந்தனை வட்டம் என்ற பதிப்பகம் இத்துறையின் முதன்மையான சான்று. அதை நடத்திய பீ. எம். புன்னியாமீன் (1960–2016) சிறுகதை எழுத்தாளர். உயர்தர மாணவருக்கு அரசறிவியல் நூல்களும் எழுதியவர். புலமைப்பரிசில் வழிகாட்டிகளையும் மாதிரி வினாத்தாள்களையும் ஆண்டுதோறும் வெளியிட்ட அதே நிறுவனம், கவிதை, சிறுகதை நூல்களையும் இலங்கை எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர் பற்றிய விபரத்திரட்டுகளையும் தொகுதி தொகுதியாகத் தந்தது. 2009இல் போர் முடிந்து வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்த தரம் 5 மாணவருக்கு மாதிரி வினாத்தாள்களை இலவசமாக அனுப்பியது. லண்டனில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜாவின் அயோத்தி நூலக சேவை இதற்குத் துணைநின்றது. விற்பனைக்கென்று உருவான ஏற்பாடு விலை கொடுக்க இயலாதவரையும் எட்டியது.

இத்தொழிலில் இறங்குபவர் கடைக்காரருக்கு உரிய கழிவை அறிந்திருக்கவேண்டும். பல கடைகள் நூல் விற்ற பிறகே கணக்குத் தீர்ப்பதால், கைமுதல் மாதக்கணக்கில் முடங்குவதையும் தாங்கவேண்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் கண்டி நகரிலும், அக்குறணை, மடவளை, கம்பளை, நாவலப்பிட்டி பகுதிகளிலும், மாத்தளை, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களிலும் சிதறிக்கிடக்கின்றன. ஒரு மலைப்பாதையின் முடிவில் உள்ள பாடசாலையில் வாங்குவோர் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டுமே. விளம்பரத்தைவிட, அதிபரும் தரம் 5 ஆசிரியரும் நூலைப் புரட்டிப் பார்த்துச் சொல்லும் வார்த்தைக்கே அங்கு மதிப்பு. கற்பித்த அனுபவம் உள்ளவர் இதில் நிலைப்பது அதனால்தான். பேராதனைத் தமிழ்ப் பட்டமோ சந்தைப்படுத்தல் டிப்ளோமாவோ உதவும். ஆனால் புதிய பாடத்திட்டத்தில் எந்த அலகு நீங்கியது என்று தெரியாதவர் ஆசிரியர் முன் நிற்கமுடியாது.

காலக்கணக்கும் முக்கியம். பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் அச்சீடு, விநியோகம் அனைத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்யும். அதன்பின் கையில் எஞ்சும் பிரதிகள் பெரும்பாலும் நட்டமே. வழக்கமாக ஆகஸ்டில் நடந்த பரீட்சை, கொரோனாவுக்குப் பின் 2020இல் ஒக்டோபருக்கும், 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 ஜனவரிக்கும், 2022க்குரியது டிசம்பருக்கும் நகர்ந்தது. 2025இல்தான் ஆகஸ்டுக்குத் திரும்பியது. இடையே 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அச்சுச்செலவு ஏறியபோது சிறிய பதிப்பாளரே அதிகம் நொந்தனர்.

இப்போது கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் பாடநூல்களும் பயிற்சிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வினாத்தாள்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. ஒரு பிரதியை வாங்கி வகுப்பு முழுவதற்கும் போட்டோகொப்பி எடுப்பதும் வழக்கம். வெறும் வினாக்களை அச்சிட்டு விற்ற காலம் சுருங்கிவிட்டதால், ஒவ்வொரு விடைக்கும் காரணம் சொல்லும் விளக்க நூல்களுக்கே பதிப்பாளரால் விலை கேட்கமுடிகிறது.