பம்மல்: குப்பை ஒப்பந்தத்தில் பொறுப்பு யாருடையது?

பம்மல் நகராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 1990களில் இங்கு மகளிர் குழுவொன்று தொடங்கிய குப்பைப் பிரிப்பும் உரமாக்கலும் ஊருக்குப் பெயர் தேடித்தந்தன.

பணியை ஒப்பந்ததாரரிடம் விடும் உள்ளாட்சி, பொறுப்பைக் கைகழுவ முடியாது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிடில் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4)ஆம் பிரிவு. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை உண்டு. கையுறை, காலணி, மழையங்கி, முகக்கவசம் கிடைப்பதை உறுதிசெய்யும் கடமையை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சிக்கே அளித்தன.

டன் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தத்தில் எடை கூடினால்தான் லாபம். மறுசுழற்சியோ எடையைக் குறைக்கும். பிரிக்காத குப்பையில் கைவைப்போர் பெரும்பாலும் தலித்துகளே.

ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். கட்டண முறை, அபராதம், வருங்கால வைப்பு நிதி ஆகிய கூறுகளை முதலில் படிக்க வேண்டும்.