வழிபாட்டை நிறுத்தும் உரிமை



வழிபாடு என்றதும் நமக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வழிபாட்டின் பெயரால்தான் தெருவும் குளமும் கோயில் வாசலும் நமக்கு மறுக்கப்பட்டன. அதே வழிபாட்டை அநீதிக்கு எதிரான கருவியாக எளியவர்கள் கையில் எடுத்த வரலாறு ஒன்று ஐரோப்பிய யூதர்களிடம் உண்டு. இந்த நினைவு நாளில் அதைப் பேச விரும்புகிறோம்.

இடைக்கால ஜெர்மனியின் யூதக் குடியிருப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது. அநீதிக்கு ஆளானவர், ஊரே கூடியிருக்கும் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று வழிபாட்டை நிறுத்தலாம்; தோராச் சுருளை வாசிக்க விடாமல் தடுக்கலாம். அவர் முறையீட்டுக்குச் செவிகொடுப்பதாக ஊர் உறுதியளிக்கும் வரை வாசிப்பு தொடராது. ஏமாற்றியவரும் கண்டுகொள்ளாத ஊர்த்தலைவர்களும் அங்கேதான் அமர்ந்திருப்பார்கள். நழுவ வழியில்லை.

இதற்கு விதிகளும் இருந்தன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மைன்ஸ் நகரில் வாழ்ந்த அறிஞர் கெர்ஷோம் பென் யூதாவின் பெயரால் வழங்கும் ஒரு விதி, முதலில் மாலை வழிபாட்டில் மூன்று முறை முறையிட வேண்டும் என்கிறது. அதன் பிறகே காலை வழிபாட்டையும் தோரா வாசிப்பையும் தடுக்கலாம். உரிமையை ஏற்றுக்கொண்டதால்தான் அதற்கு வரம்பு கட்ட வேண்டியிருந்தது என்று நாம் இதை வாசிக்கிறோம்.

இந்த வழக்கம் கிழக்கு ஐரோப்பாவிலும் தொடர்ந்தது. 1827இல் ரஷ்யப் பேரரசன் முதலாம் நிக்கொலாய், யூதர்களையும் கட்டாய இராணுவச் சேவைக்குள் கொண்டுவந்தான். சேவைக் காலம் 25 ஆண்டுகள். 12 வயதுச் சிறுவர்களையும் பிடிக்கலாம். 18 வயதுக்கு முன் கழியும் ஆண்டுகள் கணக்கில் சேராது. எத்தனை பேர் என்பதை அரசு சொன்னது. யார் என்பதை யூத ஊர்நிர்வாகமே முடிவு செய்தது. வசதி படைத்தவர்களின் பிள்ளைகள் தப்பினார்கள். ஏழைகளின் பிள்ளைகளைப் பிடிக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஜெபக்கூடத்துக்குள் புகுந்து தோரா வாசிப்பைத் தடுத்தார்கள். வழிபாட்டுக்குத் தேவையான பத்துப் பேரில் ஒருவராகப் பெண்ணை எண்ணாத காலம் அது. எண்ணிக்கையில் இல்லாதவர்கள் எண்ணிக்கையையே நிறுத்தி வைத்தார்கள்.

அவர்கள் வென்றார்களா? சிறுவர்களைப் பிடிக்கும் கொடுமை 1856 வரை நீடித்தது. ஜெபக்கூடத்தில் எழுந்த அழுகுரல் பேரரசனை எட்டவில்லை. ஆனால் சொந்த ஊர்த்தலைவர்களின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்ல முடிந்தது. பேரரசனைக் காட்டித் தப்பித்துக்கொள்ள நினைத்தவர்களை, 'எங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே' என்று நிறுத்திக் கேட்க முடிந்தது. தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் எப்படியோ, அந்த ஏழைத் தாய்க்கு வழிபாட்டு நிறுத்தம் அப்படி.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது பக்தியை அல்ல. ஒரு சமூகம் தான் புனிதமாகக் கருதும் நேரத்தையே, அநீதிக்கு ஆளானவருக்காக நிறுத்திவைக்கச் சம்மதித்தது என்பதைத்தான்.

நம் கூட்டங்களிலும் புனிதமான நேரங்கள் உண்டு. தலைவர் பேசுகிறார், நிகழ்ச்சி நிரல் ஓடுகிறது. அப்போது நம்மில் ஒரு பெண் எழுந்து, 'எனக்கு நீதி சொல்லிவிட்டு மேலே போங்கள்' என்றால் நாம் நிறுத்துவோமா? நிறுத்தும் மனம் நமக்கு வாய்க்கட்டும்.