நேற்று எங்கே போனீர்கள்?

1956-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து வீடொன்றின் கதவைத் தட்டி, கையில் படிவமும் பென்சிலுமாக நின்ற மனிதர் கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது. நேற்று இந்த வீட்டிலிருந்து யார் யார், எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தில், என்ன காரியமாக, எங்கே போனார்கள்? முப்பது வீட்டுக்கு ஒரு வீடு என்ற விகிதத்தில், சுமார் 50,000 வீடுகளில் இதே கேள்வி கேட்கப்பட்டது. நம் கிராமத்துக் கர்ணம் நிலத்தையும் மரத்தையும் கணக்கெழுதினார். அவை கணக்கெழுதும் வரையில் இருந்த இடத்திலேயே நிற்கும். ஓடிக்கொண்டேயிருக்கும் ஜனங்களைக் கணக்கில் பிடிப்பது வேறு வித்தை.

அதற்கு முன்பு நாற்சந்தியில் ஆளை நிறுத்தி வண்டிகளை எண்ணும் வழக்கமே பிரதானமாக இருந்தது. எத்தனை வண்டிகள் கடந்தன என்று அந்த எண்ணிக்கை சொல்லுமேயன்றி, அவை எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தன என்று சொல்லாது. இக்குறையை நீக்கவே அமெரிக்க மத்திய அரசின் சாலை இலாகா 1944-இல் வீட்டு விசாரணை முறையை வகுத்து, சில நகரங்களில் அனுஷ்டானத்துக்குக் கொண்டுவந்தது. டெட்ராயிட்டில் இம்முறையைக் கையாண்டு தேர்ந்த டக்ளஸ் கரோல் என்பவர், 1955-இல் ஆரம்பமான சிகாகோ வட்டாரப் போக்குவரத்து ஆராய்ச்சிக்குத் தலைவராக வந்தார்.

விசாரணைப் படிவங்கள் துளையிட்ட அட்டைகளாகி, அட்டைகள் காந்த நாடாவாகி, இறுதியில் கார்ட்டோகிராபட்ரான் என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட யந்திரத்தை அடைந்தன. அதன் கண்ணாடித் திரையில், ஒவ்வொரு பிரயாணத்துக்கும் ஓர் ஒளிப்புள்ளி புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடாக ஓடி மறையும். எதிரே கண் மூடாமல் திறந்திருந்த காமிரா, மறைந்த கோடுகளையெல்லாம் ஒரே பிலிமில் சேகரித்துக்கொள்ளும். இப்படி எடுத்த படத்தில், நகரத்தின் தெருவும் இல்லை, கட்டடமும் இல்லை. கரிய வெளியில் வெண்ணூல்கள் நானா திக்கிலிருந்தும் ஏரிக்கரையை ஒட்டிய நகரமத்தியை நோக்கிக் குவிந்து, அங்கே திரண்ட வெளிச்சமாக நின்றன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடி பிரயாணங்களைக் கண்ணால் காண்பதற்கு அன்று வேறு உபாயம் இல்லை.

ஆனால் நேற்றைய பிரயாணத்தை அறிவது பாதி வேலையே. 1980-இல் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்பதே ஆராய்ச்சியாளர்கள் விடை காணப் புகுந்த வினா. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பிரயாணங்கள் பிறக்கும், அவை எங்கெங்கே பிரியும், காரிலா ரயிலிலா, எந்தச் சாலை வழியாக என்று படிப்படியாகக் கணித்தார்கள். கடைசிப் படிக்கு, சிக்கலான புதிர்ப்பாதையில் மிகக் குறுகிய வழி காண எட்வர்ட் மூர் என்ற கணித அறிஞர் வகுத்திருந்த முறையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். புதிருக்குப் பிறந்த கணக்கு சாலைக்கு வந்தது.

கேட்ட கேள்விக்குத்தானே பதில் கிடைக்கும்? நடந்து போன பிரயாணங்கள் பெரும்பாலும் படிவத்தில் ஏறவில்லை. மூலைக்கடைக்கு ரொட்டி வாங்கப் போய்வந்த கிழவி அன்று வெளியே போகாதவளாகவே கணக்கில் நின்றாள். சரக்கு விஷயத்திலோ லாரி சொந்தக்காரர்களைத் தனியே விசாரித்தார்கள். ஆயினும் சாலைக் கணக்கில் லாரி இத்தனை கார்களுக்குச் சமமான பாரமாகவே வந்தது. அதனுள் இருந்தது இறைச்சியா இரும்பா என்ற பேதம் அங்கே பொருட்டில்லை. கடைவாசலில் சரக்கு இறக்க நிற்கும் லாரி தெருவின் பாதியை அடைத்துக்கொள்வதும் அந்தக் கணிதத்துக்கு எட்டாத விஷயம். இறைச்சிக்கூடங்களுக்கும் ரயில் சரக்கு நிலையங்களுக்கும் பேர்போன ஊரில் இது விசித்திரமே.

1959 முதல் 1962 வரை மூன்று பாகங்களாக அறிக்கை வெளிவந்தது. 1962-லேயே, 50,000 ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகர்ப்பகுதிகளில் இத்தகைய திட்டமிடல் நடந்தாலொழிய நெடுஞ்சாலைக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்று சட்டமும் வந்துவிட்டது.

இந்தத் திட்டமிடலில் இடம்பெற்று, சிகாகோவின் மேற்குப் பகுதியைத் தெற்கு வடக்காக ஊடுருவ இருந்த கிராஸ்டவுன் விரைவுச்சாலையோ, அது போகும் வழியில் குடியிருந்தவர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. பத்தாண்டுகளுக்கு மேல் இழுபறியாக நடந்த தகராறில் அவர்கள் எழுப்பிய வினா, தாங்கள் எங்கே போகிறோம் என்பதைப் பற்றியதன்று; போகாமல் அங்கேயே இருக்கலாமா என்பதைப் பற்றியது. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. 1979-இல் சாலை கைவிடப்பட்டு, அதற்கென்று ஒதுக்கிய பணம் ரயிலுக்கும் வேறு சாலைகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது.