சந்தேகத்தின் பலன்: போதைப்பொருள் வழக்குகளில்

போதைப்பொருள் வைத்திருந்ததாகத் தொடரப்படும் வழக்கில் அரசுத் தரப்பு குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தவறினால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து நீதிமன்றம் விடுதலை செய்யும். இந்தியாவில் இவ்வழக்குகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்படுகின்றன. பிடிபட்டது 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவோ 250 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினோ என்றால், அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல்.

பொருள் ஒருவர் வசம் இருந்தது உறுதியானால், குற்ற எண்ணமும் இருந்ததாகவே அனுமானிக்கச் சொல்கின்றன 35, 54ஆம் பிரிவுகள். இவை செல்லும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகே அனுமானம் எழும் என்றது. அமிர்தசரஸ் விமான நிலையத்தில் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கு அது. கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்தில் காட்டப்படவில்லை. சோதனையின்போது உடனிருந்த பொதுச் சாட்சிகளும் விசாரிக்கப்படவில்லை. எதிரி விடுதலையானார்.

பெரும்பாலும் வழக்கு ஆட்டம் காண்பது பொட்டலத்தின் பயணத்தில்தான். 52ஏ பிரிவின்படி நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். அரக்கு முத்திரையிட்ட அந்த உறை காவல் நிலையத்திலிருந்து தடய அறிவியல் ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் கையில் இருந்தது என்பதைப் பதிவேடு காட்ட வேண்டும். மகஜரில் ஓர் எடை, ஆய்வக அறிக்கையில் வேறோர் எடை என்றால், பிடிபட்டதும் பரிசோதிக்கப்பட்டதும் ஒன்றுதானா என்ற கேள்வி எழும். கஞ்சாவில் இன்னொரு சிக்கல்: சட்டப்படி பூக்கும், காய்க்கும் நுனிகளே கஞ்சா, நுனியில்லாத இலையும் விதையும் சேராது. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துக் காட்டிய 21 கிலோ, வணிக அளவைத் தாண்டியதுதானா என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயமே.

உடலைச் சோதிக்குமுன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கோரும் உரிமையை 50ஆம் பிரிவின்படி எடுத்துச் சொல்லியாக வேண்டும். கைப்பைக்கு இது பொருந்தாது. அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை வழக்கு விசாரணையில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்தவே முடியாது என்பது தூபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

எந்தக் குறையும் விடுதலைக்குப் போதும் என்றில்லை. பொதுச் சாட்சி பிறழ்ந்தாலும், காவலர் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் தண்டனை நிற்கும்.

வணிக அளவு வழக்குகளில், எதிரி குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலொழிய ஜாமீன் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. அதனால், கடைசியில் சந்தேகத்தின் பலனைப் பெறுபவர் அதற்குள் பல ஆண்டுகளை விசாரணைக் கைதியாகவே சிறையில் கழித்திருக்கக்கூடும்.