கேஷ் வேறு, காசு வேறு!

பி.காம். படிக்கும் எங்களுக்கு டெபிட், கிரெடிட்டுக்கு அடுத்தபடியாக வாயில் அடிபடும் சொல் கேஷ். கேஷ் புக், பெட்டி கேஷ், கேஷ் பேலன்ஸ்... "இந்த வார்த்தையே நம்ம காசுலேருந்து போனதுதான்" என்று முதலாம் ஆண்டில் வகுப்பில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் நான் சொன்னது பாதி தப்பு என்று தெரிந்தது.

ஆங்கிலத்தில் சி, ஏ, எஸ், ஹெச் என்ற அதே நான்கு எழுத்துக்களில் இரண்டு சொற்கள் இருக்கின்றன.

முதல் சொல்லுக்கு ரொக்கம் என்று பொருள். நம் கேஷ் புக்கில் இருப்பது இதுதான். பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல், இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தையே குறித்தது. "கல்லாவில் எவ்வளவு இருக்கு?" என்று நாம் கேட்பது மாதிரிதான்!

இரண்டாவது சொல்லுக்குச் சிறு நாணயம் என்று பொருள். இதுதான் நம் காசு. போர்ச்சுக்கீசியர் காசு என்பதை 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்று எழுதினார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசுக்கும் இதே பெயரைத்தான் வைத்தார்கள்.

சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803, 1808ஆம் ஆண்டுகளில் அடித்த செப்பு நாணயங்களில் '20 கேஷ்' என்றே பொறித்திருக்கும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு! கால்குலேட்டர் இல்லாமல் கணக்கு எழுதிய அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகளுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் புதுக்கோட்டைக்கும் இதில் பங்கு உண்டு. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம் 'அம்மன் காசு' என்று தனிச் செப்புக்காசு வைத்திருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஓர் அணாவுக்கு 20 காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இதையும் கொடுப்பார்கள். சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது.

கேஷ் மாதிரியே இன்னொரு ஜோடி கறி. சாப்பிடும் கறி நம்முடையது. குதிரையைத் தேய்த்துவிடுவதைக் குறிக்கும், அதே எழுத்துக்கள் கொண்ட ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுத்து ஒன்றாக இருப்பதால் சொல் ஒன்றாகிவிடாது. "கேஷ் எங்களுடையது" என்று பொதுவாக அடித்துவிட்டால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். கம்பெனி தன் நாணயத்திலேயே நம் காசின் பெயரைப் பொறித்ததே, அந்தப் பெருமை போதாதா?

உங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் அம்மன் காசு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் தொலைத்துவிடாதீர்கள்!